சந்து முழுக்கப் பன்னிரண்டே கால் கிலோ

அளப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கதை அளப்பவர்கள் அல்ல. அவர்கள் பாவம், ரயிலில் நமக்குப் பொழுதுபோக்கு. இங்கே பேச்சு நிஜமாகவே அளக்கிறவர்களைப் பற்றி. கூரை ஒழுகுகிறது என்று பதறியடித்துக்கொண்டு போய் இவர்களிடம் சொல்லிப் பாருங்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரமாட்டார்கள். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், தெர்மாமீட்டர் எந்தக் கம்பெனி என்று வரிசையாக விசாரித்துவிட்டு, "பேஷ், நாளைக்கும் இதே நேரத்துக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கைகுலுக்கிப் போய்விடுவார்கள். கெட்டவர்களா? சத்தியமாக இல்லை. எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்கள். எண்ணி முடிப்பதற்குள் எப்படி மிதிப்பது?

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க விருப்பமானால் மாட்டுங்காவுக்குப் போங்கள். காலை எட்டு இருபதுக்கு முதுகில் லேப்டாப் பையும், மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணும் கடிகாரமுமாக ஸ்டேஷனை நோக்கி ஒருவர் உதடசைத்தபடி வருவார். சுலோகம் சொல்கிறார் என்று கும்பிட்டுவிடாதீர்கள். அடி எண்ணுகிறார். வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை எண்ணூற்று நாற்பது அடி. மழைக்காலத்தில் எண்ணூற்று எழுபது, தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போக வேண்டும் பாருங்கள். இவர்தான் டாக்டர் கௌசிக். வயது நாற்பத்தாறு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, புள்ளிவிவரத்தில் டாக்டர். செம்பூரில் குழந்தைகள் நலனுக்கும் தொழில்நுட்பத்துக்கும் கல்யாணம் செய்து வைக்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் பெரிய பதவி. பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த டாக்டரைப் பார்த்து யாராவது நாக்கை நீட்டிக் காட்டினால் அவர் மறுப்பதில்லை. நாக்கின் நீளத்தை மனதுக்குள் குறித்துக்கொள்வார்.

கௌசிக் எப்போதும் வாயில் வெற்றிலைபோல ஒரு சொற்றொடரைக் குதப்பிக்கொண்டிருப்பார்: "வளரும் நாடுகளில்." வளரும் நாடுகளில் குழந்தைகள் நலம், வளரும் நாடுகளில் தாய்மார் கல்வி, வளரும் நாடுகளில் கைப்பேசி வழியாக விழிப்புணர்வு. அவர் சொல்வதைக் கேட்டால் அந்த நாடுகள் எங்கேயோ ஏழு கடல் தாண்டி இருக்கின்றன என்றுதான் தோன்றும். ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்கு நின்றுபோகும் குழாய்த் தண்ணீரில் அரக்கப் பரக்கக் குளித்துவிட்டு, குர்லாவில் வண்டி மாறும்போது எவன் காலையோ மிதித்து எவன் முழங்கையோ விலாவில் பட்டு, செம்பூரில் இறங்கியதும் சட்டையை நீவி விட்டுக்கொண்டு, "இந்த வளரும் நாடுகளில் இருக்காளே, அவாளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பொறுமை உண்டு" என்பார். யாருக்கு?

இப்பேர்ப்பட்ட கௌசிக்குக்குத் தாராவியில் ஒரு சந்து கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களின் சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்றுதான் மற்றவருக்கு வழி விட வேண்டும். அதில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பதினேழு. பதினேழையும் வாரம் ஒருமுறை எடை போட வேண்டும். அம்மாக்களுக்கு ஃபோனில் பாடம் அனுப்ப வேண்டும். பாடத்தால் குழந்தைகள் எடை ஏறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். சந்துக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு சார்.

பாடங்கள் சுத்தமான தமிழில் இருந்தன. அத்தனை சுத்தம் அந்தச் சந்துக்குப் பழக்கமில்லை. "இணையுணவூட்டல் காலத்தில் ஆற்றல் செறிவு" என்று ஃபோன் சொன்னதும், தாராவியிலேயே பிறந்து இந்தியில் படித்த இளம் தாய்மார்கள் கீதாவைத்தான் கூப்பிட்டார்கள். கீதா அதே சந்துப் பெண், பன்னிரண்டாவது படித்தவள், தராசைச் சுமந்து வந்து எடை போட்டுப் பதிகிற வேலை அவளுக்கு. "ஒண்ணுமில்ல எக்கா, சோத்துல நெய் ஊத்திக் குடுங்கான்" என்று ஒரு வரியில் முடிப்பாள். கௌசிக்கின் அறிக்கையில் இது 'உள்ளூர் மொழியாக்க ஆதரவு' என்று ஏறியது.

ஜனவரியில் முதல் வாரம் சந்தின் கடைசி வீட்டு ஷாலினி, மடியிலிருந்த மகனைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். வீட்டிலேயே உட்கார்ந்து தோல் பெல்டுகளுக்குக் கொக்கி மாட்டுகிறவள். பையன் தமிழ்செல்வனுக்கு ஒன்றே முக்கால் வயது. கழுத்துக் குழியில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் நிற்கும்.

"சார், ஒருவாட்டி இவனை நல்லாப் பாருங்க. பொறந்தப்போ கொழுகொழுன்னுதான் இருந்தான். இப்போ நாலஞ்சு மாசமா எடையே ஏற மாட்டேங்கு. சோறு ஊட்டுனா துப்புதான். சாயங்காலமானா உடம்பு கணகணன்னு கெடக்கு. சந்து டாக்டர்ட்ட நாலு சிரப்பு வாங்கிக் குடுத்தாச்சு, ஒண்ணும் கேக்கல. நீங்க பெரிய டாக்டர்லா? நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

கௌசிக்கின் முகம் மலர்ந்தது. "வெரி குட் க்வெஸ்சன்! கீதா, நோட் பண்ணிக்கோ."

கீதா குறித்துக்கொண்டாள். அன்று அமைதியான பழைய தராசு எட்டுக் கிலோ இருநூறு காட்டியது. அது போதுமா போதாதா என்று ஷாலினி கேட்டாள். சொல்லக்கூடாதாம். சொன்னால் அம்மாக்கள் உஷாராகிக் கூடக் கொஞ்சம் ஊட்டிவிடுவார்கள், ஆய்வு கெட்டுப்போகும். படிவத்தில் அறுபது கேள்விகள் இருந்தன; இவள் கேட்டது அதில் எதிலும் அடங்காததால் 'பிற' என்ற பெட்டிக்குள் போயிற்று. அந்தப் பெட்டிக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிப்ரவரியில் அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் அது நல்ல கேள்வியாகவே இருந்தது. மார்ச்சிலும் அப்படியே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்தவள், வாராவாரம் டாக்டரே வாசலுக்கு வரும்போது அரைநாள் வரிசையில் எதற்கு நிற்பது என்று இருந்துவிட்டாள்.

ஜூனில் மழையும் பேசும் தராசும் ஒரே வாரத்தில் வந்தன. குழந்தையை ஏற்றினால் எடையை வாய்விட்டுச் சொல்லும் தராசு. எண் காதில் விழுந்தால்தான் தாய் மனதில் பதியும் என்பது கௌசிக்கின் கண்டுபிடிப்பு. பக்கத்துச் சந்தில் பிளாஸ்டிக் அரைக்கிற இரைச்சல் ஓயாது என்பதால் சத்தத்தை உச்சத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, சந்தே கூடி நிற்க, முதல் குழந்தையைத் தூக்கி வைத்தாள் கீதா.

"வணக்கம்!" என்று ஒரு பெண்குரல் முழங்கிற்று. பால்கனியில் இருந்த புறாக்கள் பறந்தன. "தங்கள் குழந்தையின் எடை பத்துக் கிலோ நானூறு கிராம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி!"

பிள்ளையின் எடையை யாராவது ஊர் கேட்கச் சொல்லுவார்களா? நல்ல எடை என்றால் கண்படும். குறைந்த எடை என்றால் பெற்றவளுக்குத் தலைகுனிவு. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். அதுவும் செவ்வாய்க்கிழமை பார்த்து, நடுச் சந்தில், மைக் வைத்தாற்போல! பதினேழு எடைகளும் பிளாஸ்டிக் சத்தத்தை மீறிப் பக்கத்து மூன்று சந்துகளுக்குக் கேட்டன. தமிழ்செல்வனின் எட்டுக் கிலோ நூறும் கேட்டது. ஷாலினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் பாதிக் குழந்தைகளுக்கு மூக்கொழுகியது. முதல் மழைக்கு வருஷாவருஷம் ஒழுகுகிற மூக்குதான். ஆனால் யார் கேட்பது? சந்தில் உப்பும் மிளகாயும் தீர்ந்துபோகிற அளவுக்குச் சுற்றிப் போட்டார்கள்.

"இனிமே எம் பிள்ளைய அந்த மஷீன்ல வைக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்று ஒருத்தி கீதாவிடம் கறாராகச் சொன்னாள். பின்னாலேயே பத்துப் பேர்.

"எக்கா, எடை போடலன்னா என் வேலை போயிரும்."

"அப்போ நீயே ஏறி உக்காரு."

தகராறைத் தீர்த்து வைத்தவர் வானமாமலை. விடிகாலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறவர். கண்ணேறு, காற்று, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. அதோடு அவருடைய இரண்டு வயது மகன் பேச்சிராஜாவின் மேல் கொள்ளைப் பெருமை. "கண்ணாவது மண்ணாவது! எம் பிள்ளைய எத்தனை வாட்டி வேணும்னாலும் தூக்கி வைட்டி. காலிபீலி, சும்மானாச்சுக்கும் எதுக்கு டென்ஷன்?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதைச் சந்து வினையாகவே எடுத்துக்கொண்டது. அடுத்த செவ்வாய் முதல் தராசில் ஏறியது ராஜா மட்டும்தான். புதுத் தராசின் எண்கள் தாமாகவே செம்பூருக்குப் போய்விடுவதால் கௌசிக் இப்போது வாராவாரம் வருவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தராசு வைக்கப்படும். கீதா ஃபோன் செயலியில் அந்த வீட்டுக் குழந்தையின் பெயரை அழுத்துவாள். ராஜா ஏறி உட்காருவான். பெண்குழந்தை வீடென்றால், ஆவணத்துக்குப் புகைப்படம் வேண்டும் என்பதால், கவுன் மாட்டிப் பொட்டும் வைத்துவிடுவார்கள். அவன் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் இறங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் கைநிறைய ஏதாவது கிடைத்தது: வாழைப்பழம், பிஸ்கட், பாதி வடை, ஒரு கரண்டி கேசரி. அடுத்தவன் பிள்ளையைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா அனுப்ப யாருக்கு மனசு வரும்?

சந்தே சேர்ந்து எடுத்த முடிவு. ஷாலினிக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. தன் பிள்ளையைத் தராசில் வைத்தாலாவது யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு நப்பாசை. ஆனால் அந்தக் குரல் மறுபடி எட்டுக் கிலோ என்று மூன்று சந்துகளுக்கு முழங்குவதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இங்கே கீதாவின் மேல் பழி போடவேண்டாம். மூன்றாம் செவ்வாயன்று அவள் செம்பூர் ஆபீசுக்கே போய் விஷயத்தை உடைக்கப் பார்த்தாள்.

"சார், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எடை வருது. கவனிச்சீங்களா?"

கௌசிக் கவனித்திருந்தார். கவனித்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கவனிச்சேனாவா? பன்னண்டே கால்! சந்து முழுக்கப் பன்னண்டே கால்! வளரும் நாடுகள்ல எங்கேயாவது இப்படி ஒரு சமத்துவம் வந்திருக்கா, சொல்லு?"

"சார், அது வந்து... தமிழ்செல்வன் எட்டுக் கிலோ இருந்தான். ஒரே வாரத்துல நாலு கிலோ எப்படி..."

"பழைய மெஷின்ல கோளாறு. அதைத் தனியா எழுதிக்கலாம். கீதா, ஒண்ணு புரிஞ்சுக்கோ. ஒரு குழந்தையைப் பாக்கக் கூடாது. சராசரியைப் பாக்கணும்."

அந்தச் சராசரியை அவர் ஒரு தந்தையின் கண்ணால் பார்த்தார். அதில் இன்னொரு அதிசயமும் புலப்பட்டது. சந்தின் முனை வீட்டுக் குழந்தை பன்னிரண்டு கிலோ நூறு. நடுச் சந்தில் பன்னிரண்டு முந்நூறு. கடைசி வீட்டில் பன்னிரண்டரை. உள்ளே போகப் போக எடை கூடுகிறது! ஏன்? நமக்குத் தெரியும், வழியெல்லாம் வடையும் கேசரியும். அவர் மூன்று நாள் தூங்காமல் யோசித்து, பதினொரு மணி வெயில் சந்தின் கோடி வரை விழுவதுதான் காரணம் என்று முடிவு கட்டி, படம் வரைந்து, நாலு நிறத்தில் அச்செடுத்து, வெளிநாட்டில் நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் சபாஷ் என்று பதில் போட்டார்கள்.

எல்லாரையும்விட எடை கூடிய குழந்தைக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பதிவேட்டின்படி அது கடைசி வீட்டுத் தமிழ்செல்வன். ஜூலை முதல் வாரம் குடையை மடக்கிக்கொண்டு அவரே நேரில் வந்து, 'நட்சத்திரக் குழந்தை' என்று தங்க எழுத்தில் அச்சிட்ட அட்டையை ஷாலினியிடம் நீட்டினார். அவள் இடுப்பில் தமிழ்செல்வன் தலையைத் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தான். அட்டையை வாங்க ஒரு கைதான் மிச்சம்.

"சார், இவனைப் பாருங்க சார். தூக்கினா தூக்கின இடத்துலயே கெடக்கான்."

கௌசிக் அட்டையைப் பார்த்தார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ என்று சந்தேகம். "இவனைப் பத்தி இனிமே நீங்க கவலையே படவேண்டாம். உங்க பையன்தான் இந்தச் சந்திலேயே நம்பர் ஒன்."

"அப்போ ஏன் சார் இப்படி இருக்கான்?"

"வெரி குட் க்வெஸ்சன்," என்று திரும்பினார். "கீதா!"

கீதா குறித்துக்கொள்ளவில்லை. பேனா மூடியைக் கடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கடிகாரம் பத்தாயிரம் அடி ஆயிற்று என்று அதிர்ந்துகொண்டிருந்தது.

இப்படியே போயிருந்தால் கௌசிக் பரிசு வாங்கியிருப்பார், பையன் போயிருப்பான். போகவில்லை. எதனால் என்கிறீர்கள்? ராஜாவின் வயிற்றால்.

மழைக்காலத்தில், ஆறாவது செவ்வாயன்று, இரண்டு வயதுக் குழந்தை ஒரே காலையில் பதினாறு வீட்டுப் பண்டம் தின்றால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. நாலு நாள் ராஜா எழுந்திருக்கவில்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தே தேற்றினார்கள். கண்ணேறே இல்லை என்று சொன்ன வானமாமலை, யாரும் பார்க்காத நேரமாக வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார். சந்து முழுக்கப் பார்த்தது. அடுத்த செவ்வாய் வந்தது. ஆய்வுக்கு ஓய்வேது? வாடி வதங்கிய ராஜாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். "தங்கள் குழந்தையின் எடை பதினொரு கிலோ நானூறு கிராம்" என்று பதினேழு வாசலிலும் அந்தக் குரல் ஒரே உற்சாகத்தோடு முழங்கிற்று. நன்றியும் சொன்னது.

செயலியின் ஒரு மூலையில் ஓர் எச்சரிக்கை மணி இருந்தது. நெறிமுறைக் குழு பிடிவாதம் பிடித்ததால் மாட்டி வைத்தது. மாட்டிய கௌசிக்கே மறந்துபோனது. ஒரு குழந்தை மெலிந்தால் அது அடிக்காது. பத்துக் குழந்தைகள் ஒரே வாரத்தில் சேர்ந்து மெலிந்தால்தான் அடிக்கும். இன்று பதினேழு பேர் ஒரே நாளில் அரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தார்கள். மணி அடித்த அடியில், தாராவிச் சுகாதார மையத்துக்கும் வெளிநாட்டு நிதிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் தகவல் பறந்தது. செம்பூரிலிருந்து கௌசிக் டாக்சி பிடித்தார். அடி எண்ணவில்லை.

அவர் வந்து சேர்வதற்குள் சுகாதார மையத்து டாக்டர் சாயிரா சந்துக்குள் நுழைந்துவிட்டார். இவர் ஊசி போடுகிற டாக்டர். பதினைந்து வருஷமாகத் தாராவியில் நோயாளிகளோடு மல்லுக்கட்டி, இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசப் பழகியவர். கூட இரண்டு நர்ஸுகள், இரண்டு பை நிறைய மருந்து. கொள்ளைநோய் பரவிய சந்தை எதிர்பார்த்து வந்தவர், எதிரே பதினைந்து குழந்தைகள் மழைத்தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக் கூச்சல் போடுவதைக் கண்டு நின்றார்.

"பீமார் கௌன் ஹை? உடம்புக்கு முடியாத பிள்ளை எல்லாம் எங்கே?"

டாக்டர் சாயிரா வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தார். நர்ஸ் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு ஷாலினியின் மடியைப் பார்த்தார்.

"தமிழ்செல்வன். போன வாரம் பன்னெண்டரை, இப்போ பதினொண்ணு நானூறு. இந்தப் பிள்ளையா?" குழந்தையை அள்ளிக் கையில் தூக்கினார். ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "எட்டுக் கிலோகூட இல்ல. கிஸ்னே தோலா? யாரு எடை போட்டது?"

கீதா அழுதுவிட்டாள். ராஜா, கவுன், கேசரி, எல்லாம் அழுகையோடு வெளியே வந்தன. அதற்குள் வந்து சேர்ந்திருந்த கௌசிக் குடையை மடக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சாயிரா முழுசாகக் கேட்கவில்லை. அவர் விரல்கள் குழந்தையின் கழுத்தில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது.

"சாயங்காலம் காய்ச்சல் வருதா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசமாப் போகுது."

"வீட்டுல யாருக்காவது விடாம இருமல் இருக்கா?"

"எங் கொழுந்தனுக்கு. தோல் பட்டறையில வேலை, தூசியாலன்னு இருந்துட்டோம்."

மூன்றே கேள்வி. நாலு நிமிஷம். "டிபி மாதிரி இருக்கு. பயப்படாதே, டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம். அதுவா இருந்தா ஆறு மாசம் மாத்திரை, நாங்களே தருவோம். ஒரு நாள் விடக்கூடாது. கொழுந்தனையும் நாளைக்குக் கூட்டிட்டு வா. இத்தனை நாள் ஏம்மா யாருகிட்டயும் காட்டல?"

ஷாலினி திரும்பி கௌசிக்கைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். "சார், நீங்க ஏழு மாசமா வந்தீயளே சார்?" என்று மட்டும் கேட்டாள். "நாங்களும் அந்தப் பிள்ளைய ஏத்தி எம் பிள்ளைய மறைச்சுட்டோம். தப்புதான். ஆனா நான் ஒவ்வொருவாட்டியும் இவனத் தூக்கிட்டு வந்து உங்க முன்னாடிதான நின்னேன்?"

இந்த முறை அது நல்ல கேள்வி என்று கௌசிக்கால் சொல்ல முடியவில்லை. கண்ணில் லேசாக ஈரம். மனுஷர்தானே! அப்படியே ஒரு நிமிஷம் நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஃபோன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து. எச்சரிக்கை மணி அடித்துவிட்டதாம், நோயைக் கண்டுபிடித்துவிட்டதாம், தொழில்நுட்பம் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாம். வாழ்த்துகள். கௌசிக் மழையில் நனைந்தபடி, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா வீட்டில் காபியோடு மனைவி சாதனாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். ஒளிக்கவில்லை. அதற்குள் சோதனையில் டிபி என்றும் உறுதியாகி, தமிழ்செல்வனுக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள்.

"பதினேழு குழந்தைன்னு எழுதினது அத்தனையும் ஒரு குழந்தைதான்னு சொல்லிடுங்கோ," என்றாள் சாதனா. "அதுல என்ன வெட்கம்?"

"சொல்லத்தான் போறேன். கட்டுரை கடைசியில 'குறைபாடுகள்'னு ஒரு பகுதி வரும். அதுல ஒரு வரி போட்டுடறேன்."

"என்னன்னு?"

"சில பங்கேற்பாளர்களின் அடையாளச் சரிபார்ப்பில் சவால்கள் இருந்தன."

சாதனா அவர் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதிக் காபி இருந்தது. எத்தனை மில்லி என்று நமக்கு வேண்டாம்.

அடுத்த ஜனவரியில் கௌசிக் அதே சந்துக்குப் புதுத் தராசோடு வந்தார். இது குழந்தையின் முகத்தை அடையாளம் கண்டுபிடித்த பிறகுதான் எடை சொல்லும். முந்தைய ஆய்வின் வெற்றியால் கிடைத்த இரண்டாம் கட்ட நிதி. சந்தில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. கீதா இப்போது டாக்டர் சாயிராவின் மையத்தில் வேலை பார்த்தாள். மாத்திரைப் பையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவள் இவரைக் கண்டு மரியாதையாக ஒதுங்கி ஒரு வீட்டுக்குள் ஏறி வழி விட்டாள். ஷாலினியின் கொழுந்தன் இருமாமல் பட்டறைக்குப் போனான். ராஜா யார் எதைக் கொடுத்தாலும் முதலில் அப்பாவைப் பார்த்தான்.

கடைசி வீட்டு வாசலில் தமிழ்செல்வன் கையில் ஒரு பெல்ட் கொக்கியை வைத்துக்கொண்டு சுவரில் தட்டி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். கன்னம் பூசினாற்போல் இருந்தது. ஷாலினி அவனைத் தூக்கித் தராசில் வைத்தாள். வைத்த கையோடு, ஒலி வரும் ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே என்னவோ முனகியது. கௌசிக் குனிந்து திரையைப் பார்த்தார். பதினொன்று நூறு. அவர் முகம் நிஜமான சந்தோஷத்தால் விரிந்தது.

"அட! ஆறு மாசத்துல மூணு கிலோ! எப்படி? என்ன குடுத்தீங்க? எப்போ குடுத்தீங்க? எதனால ஏறினான், சொல்லுங்க, சொல்லுங்க!"

ஷாலினி பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல கேள்வி சார்," என்றாள். மாத்திரைப் பையோடு பின்னாலேயே வந்து நின்ற கீதாவின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி கீதா, குறிச்சு வச்சுக்கோ."

கௌசிக்குக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. இந்த இனத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. எண்ணூற்று நாற்பது அடி நடந்து சௌக்கியமாக இருக்கிறார்.

உங்களுக்கு இதில் சம்பந்தம் ஏது? நீங்கள் யாரையும் தராசில் ஏற்றுகிறவர் இல்லை. மகன் அழுதுகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் மார்க் எத்தனை என்று கேட்காதவர். ஊருக்கு ஃபோன் போட்டால் அப்பாவின் சர்க்கரை அளவை விசாரித்துவிட்டுச் சட்டென்று வைத்துவிடாதவர். இதைப் படிக்கும்போதுகூட, "அடடா, நம்ம ஆபீசில் ஒருத்தர், மூன்றாம் மாடியில் ஒருத்தர், மச்சினர் ஒருத்தர்" என்று உங்களுக்குத் தெரிந்த கௌசிக்குகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். எண்ணுங்கள், தப்பில்லை. எத்தனை ஆயிற்று?